இடது காறை எலும்பு

ஜனவரி 12

அன்பும் அதட்டலும் குறையாத அக்காவுக்கு,

நான் நலம். நீயும் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள்? மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. போனில் பேசினால் நீ அழுகிறாய், நான் இருமுகிறேன். கடிதமே மேல்.

பட்டறையில் வருடா வருடம் எடுக்கும் எக்ஸ்ரே 'நார்மல்' என்று எழுதினால் உனக்குப் போதவில்லை. ஊரார் நெஞ்சையெல்லாம் படம் எடுப்பவள் ஆயிற்றே! இந்த வருடம் படத்தையே அனுப்பியிருக்கிறேன், கண் குளிரப் பார். கிரானைட் பலகை அறுப்பவனுக்குக் கொஞ்சம் இருமல் இருக்கத்தான் செய்யும்.

உன் நெட்டை

பிப்ரவரி 2

நெட்டைக்கு,

படத்தை எங்கள் ஆஸ்பத்திரி வெளிச்சப் பெட்டியில் மாட்டிப் பார்த்தேன். நுரையீரல் பளிச்சென்று இருந்தது. கூட வேலை செய்பவளைக் கூப்பிட்டு, "என் தம்பியோட நெஞ்சுடி, பாரு" என்று பீற்றிக்கொண்டேன். அப்புறம்தான் கழுத்துப் பக்கம் பார்த்தேன்.

உனக்குப் பத்தொன்பது வயதில், நான் ஓட்டிய ஸ்கூட்டர் கவிழ்ந்து உன் இடது காறை எலும்பு உடைந்தது. கோணலாகச் சேர்ந்து, சட்டைக்கு மேலேயே முண்டு தெரியும். இந்தப் படத்தில் அந்த எலும்பு அளவுகோல் மாதிரி நேராக இருக்கிறது.

யாருடைய நெஞ்சுடா இது?

அக்கா

மார்ச் 14

அக்கா,

நீ நுரையீரலை மட்டும் பார்ப்பாய் என்று நினைத்துவிட்டேன். அது என் அறையில் இருக்கும் புது ஆளுடைய நெஞ்சு. நான்கு வருடத்துக்கு முன்பே, மேஸ்திரிக்குத் தெரியாமல் வெளியில் எடுத்த என் படத்தில் நிழல் தெரிந்தது. நிழல் தெரிந்தால் மேஸ்திரி வேலையை விட்டு நிறுத்திவிடுவார். அதனால் அறைக்குக் கடைசியாக வந்தவர் மற்றவர்கள் பெயரில் போய் நிற்பது எங்களுக்குள் வழக்கம்.

சாயங்காலமானால் காய்ச்சல். பேன்ட் இடுப்பில் நிற்பதில்லை. உன் கடிதம் வந்த மறுநாள் பெரிய ஆஸ்பத்திரியில் என் பெயரில் நானே போய் நின்றேன். சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். லிம்போமாவாம், வெள்ளணுக்களில் வரும் புற்றுநோய்.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: "தூசு போய் உக்காந்த இடம் வருஷக்கணக்கா ஆறாம வீங்கியே இருந்திருக்கு. அதை எதிர்க்க வந்த வெள்ளணுக்கள் வேலை முடியாம அங்கயே தங்கிப் பெருகியிருக்கு. பெருகிப் பெருகி, அதுல ஒண்ணு கட்டுக்கடங்காமப் போயிடுச்சு. எல்லாருக்கும் இப்படி ஆகறதில்லை. ரொம்ப நாள் மெதுவாத்தான் வளர்ந்திருக்கும். அப்பவே வந்திருந்தா பேச்சே வேற. இப்ப வேகம் எடுத்துடுச்சு."

என் படம் இத்துடன் இருக்கிறது. திட்டாதே அக்கா.

நெட்டை

மார்ச் 29

தம்பிக்கு,

இந்த முறை எலும்பு உன்னுடையதுதான். முதலில் அந்த முண்டைத்தான் விரலால் தடவினேன். அதற்குக் கீழே பார்க்க வெகுநேரம் ஆனது.

போன வருடம், வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்று நீ எழுதியபோது, "ரிப்போர்ட்தான் நல்லா இருக்கே, இன்னும் ஒரு வருஷம் இரு" என்று பதில் போட்டவள் நான். யாரோ ஒருவனின் நெஞ்சை நம்பி உன்னை அந்தத் தூசியில் இருக்கச் சொன்னேன்.

அந்தப் புது ஆளிடம் சொல், அடுத்த முறை அவன் தனக்காக மட்டும் போய் நிற்கட்டும்.

லீவு சொல்லிவிட்டேன், டிக்கெட்டும் எடுத்தாயிற்று. வருகிற வியாழனுக்கு அடுத்த வியாழன் வந்துவிடுவேன். திட்டாதே என்கிறாய். திட்டத்தான் வருகிறேன். அதுவரைக்கும் இருடா.

அக்கா