நாற்பது குழிகள்

கால்வே, அயர்லாந்து
4 அக்டோபர் 1993

அன்புள்ள மாலினேயோ,

உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் கொதிக்கிறது. மொக்கோட்லோங் மலைச் சதுப்பில் இரண்டு குளிர்காலம் முழங்கால் நனைய நின்று எடுத்து, இங்குள்ள இயந்திரத்தில் வயது பார்க்கக் கொண்டுவந்த மண், பன்னிரண்டு குழாய்கள், இன்னும் விமான நிலையத்திலேயே கிடக்கின்றன. வெளிநாட்டு மண்ணுக்கு அனுமதிக் கடிதம் வேண்டுமாம். அதை வாங்கி வைத்திருக்க வேண்டியது இந்தக் கல்லூரி. மறந்துவிட்டார்கள்.

என்னை மட்டும் மறக்கவில்லை. பரிமாற்றத் திட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் பிரெண்டன் தினமும் வந்து நிற்கிறார்.

"டாக்டர், வெள்ளிக்கிழமை ஒரு ஸ்கூல். உங்க ஊர்க் கம்பளியும் கூம்புத் தொப்பியும் போட்டுட்டு வாங்க. ஆடுவீங்கல்ல?"

"நான் மண் ஆராய்ச்சி பண்றவன்."

"தெரியும், தெரியும். அஞ்சு நிமிஷம் ஆடினாப் போதும்."

ரோமாவிலிருந்து வருகிறேன் என்றால், போப்பாண்டவரைப் பார்த்திருக்கிறீர்களா என்கிறார்கள். லெசோத்தோவிலும் ஒரு ரோமா உண்டு என்று இதுவரை ஒன்பது பேருக்கு விளக்கியாயிற்று.

ஜனவரி முடிவதற்குள் நான் அறிக்கை கொடுக்காவிட்டால் அந்தச் சதுப்பின் நடுவே சாலை போட்டுவிடுவார்கள். கீழே மூன்று கிராமத்து ஊற்றும் போய்விடும். இங்கே யாருக்கும் அவசரமில்லை.

குழந்தை லினேயோவுக்கு என் முத்தம்.

உன்,
மொட்லாட்சி


ரோமா
22 அக்டோபர் 1993

லினேயோ அப்பாவுக்கு,

அஞ்சு நிமிஷம் ஆடினால் உங்கள் டாக்டர் பட்டத்தை யாரும் பிடுங்கிவிடமாட்டார்கள். என் பாட்டைக் கேளுங்கள்.

உங்களை அங்கே அனுப்பியதற்குப் பதிலாக அவர்கள் அனுப்பிய டெர்வ்லாவை வைத்துக்கொண்டு படாத பாடு படுகிறேன். என் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கத்தானே வந்தாள்? ஊர் முழுக்க அவளைப் பாடச் சொல்லி இழுக்கிறது. கல்யாணம், சர்ச், போன வாரம் ஒரு சாவு வீடு. வந்த அன்று மழை பெய்ததால் புலேங் என்று பெயரும் வைத்தாயிற்று. நானும் அவளோடு அலையவேண்டியிருக்கிறது. எனக்கு நூற்றெழுபது விடைத்தாள் காத்திருக்கிறது.

வீட்டில் இருந்தாலோ, ஊற்று எங்கே, தண்ணீர் எங்கே போகிறது என்று ஓயாத கேள்வி. நேற்று கீரைப் பாத்தி மண்ணைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். "கையைக் கழுவிட்டுக் களி திங்க வா" என்றேன்.

உங்கள் குழாய்களுக்காகப் பிரெண்டனிடம் கொஞ்சம் குரலை உயர்த்திப் பேசுங்கள். என்னிடம் மட்டும்தான் உங்களுக்குக் குரல் உயரும்.

மாலினேயோ


கால்வே
16 நவம்பர் 1993

மாலினேயோ,

குழாய்களை எரித்துவிட்டார்கள். விதிமுறைப்படி அழிக்கப்பட்டது என்று இரண்டு வரிக் கடிதம் வந்தது. பிரெண்டன் முகம் வெளுத்துப்போய் வருத்தம் தெரிவித்தார். தெரிவித்த கையோடு, "நாளைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைங்க காத்திருப்பாங்க" என்றார்.

போனேன். ஆடினேன். ஆடத் தெரியாதவன் ஆடினால் எப்படியிருக்கும்? பிள்ளைகள் கை தட்டினார்கள். வெளியே வந்து சுவரோரம் நின்றபோது உன்மேல்கூடக் கோபம் வந்தது. எதற்கென்று கேட்காதே.

இயந்திரத்தில் வைத்து வயது பார்க்க மண்ணில்லை. மண்ணில்லாமல் அறிக்கையில்லை. சாலை வரட்டும். இனி எழுத ஒன்றுமில்லை.

மொ.


ரோமா
20 டிசம்பர் 1993

லினேயோ அப்பாவுக்கு,

இதை முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

உங்கள் கடிதம் வந்தபோது சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மண்ணை எரித்துவிட்டார்கள் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். டெர்வ்லா தட்டை நகர்த்தினாள்.

"எந்த மண்ணு?"

"மலைமேல ஒரு சதுப்பு. உனக்கெதுக்கு அது?"

"நான் காலேஜ்ல படிக்கிறதே சதுப்புதான். எங்கப்பா சதுப்பு வெட்டறவர். எங்க வீட்ல அதைக் காயவெச்சு, விறகுக்குப் பதிலா எரிப்போம்."

"இதை ஏன் இத்தனை நாளா சொல்லல?"

"வாயத் திறந்தப்பல்லாம் பாடச் சொன்னீங்கம்மா."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பள்ளி மூடியதும் லினேயோவை என் தங்கையிடம் விட்டுவிட்டு, இருவரும் குதிரையில் மேலே போனோம். ஏழு நாள். நாற்பது இடத்தில் கம்பியை இறக்கி ஆழம் பார்த்தோம். ஒவ்வொரு குழியிலும் ஒரு பிடி மண்ணை முஷ்டியில் பிழியவேண்டும். தெளிந்த நீர் வந்தால் இளசு. விரலிடுக்கில் சேறாகவே பிதுங்கினால் நன்றாக மக்கிய பழைய மண். இதற்கு இயந்திரம் வேண்டாமாம். என் விரல்கள் இன்னும் கருப்பாகத்தான் இருக்கின்றன.

சாலைப் பொறியாளரை மேலேயே வரவழைத்தோம். சரியாக அவர் கோடு போட்டிருந்த இடத்தில் கம்பி மூன்று மீட்டர் இறங்கியது; அதன்மேல் சாலை போட்டால் புதைந்துபோகும். கம்பியை வாங்கி அவரே இன்னொரு முறை குத்திப் பார்த்தார். "இதை முன்னாடியே யாராவது குத்திக் காட்டியிருந்தா, நான் இங்க கோடே போட்டிருக்க மாட்டேனே" என்றார். சாலை பாறைப் பக்கமாகத் திரும்புகிறது.

அறிக்கையில் யார் பெயர் என்று கேட்டார். என் பெயரையும் அவள் பெயரையும் எழுதினேன். உங்கள் பெயரை எழுதவில்லை. நீங்கள் அங்கே இல்லை.

மாலினேயோ


கால்வே
8 ஜனவரி 1994

அன்புள்ள மாலினேயோ,

உன் கடிதத்தை இரண்டு நாள் மேசை இழுப்பறையில் போட்டு வைத்திருந்தேன். ஆறு வருஷம் என் மலை, என் சதுப்பு என்று திரிந்தவன். நீ ஏழு நாளில் முடித்துவிட்டாய். மூன்றாம் நாள், கடிதத்தோடு நீ வைத்திருந்த கணக்குகளைச் சரிபார்த்தேன், தப்பு கண்டுபிடிக்கத்தான். பதினேழாம் குழியில் மட்டும் ஆழம் மாறியிருக்கிறது என்று நினைக்கிறேன், பார். மற்றதெல்லாம் சரி. என் பெயர் வேண்டாம்.

நேற்றும் பிரெண்டன் வந்தார். ஆட மாட்டேன் என்றேன், குரல் உயர்ந்துதான் போயிற்று. பள்ளிக்கூடத்தில் வரைபடத்தை மாட்டி உங்கள் நாற்பது குழிகளைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினேன். பின்வரிசையில் ஒரு பையன் தூங்கினான். மற்றவர்கள் கேள்வி கேட்டார்கள்.

ஒன்று சொல்லவேண்டும். நான் இங்கே கிளம்புவதற்கு முன், ஆகஸ்டில் டெர்வ்லாவை நம் ஊர் விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்தவன் நான். வண்டியில் முக்கால் மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வழி முழுக்க நான் கேட்டது ஒரே கேள்வி: "உனக்குப் பாட வருமா?"

உன்,
மொட்லாட்சி