வெட்டு உத்தரவு வந்த முகூர்த்தம்

நேற்று ஒரகடம் பங்கில் வண்டிக்குப் பெட்ரோல் போட நின்றேன். கரும்பிலிருந்து வடிக்கிற எத்தனால் கலந்த பெட்ரோல் என்று பெரிதாக எழுதி ஒட்டியிருந்தார்கள். நீங்கள் இருந்திருந்தால் போடுகிற பெண்ணிடம், "பார்த்து ஊத்தும்மா, எங்க கரும்பும் இதுல கீது" என்று ஆரம்பித்திருப்பீர்கள். பின்னால் நிற்பவர்கள் ஹாரன் அடிப்பார்கள். நான் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொள்வேன். நேற்று யாரும் ஹாரன் அடிக்கவில்லை. போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

இருங்காட்டுக்கோட்டை கார் கம்பெனியில் ஷிப்டு பார்த்தாலும் உங்கள் மனசு தெற்கே உங்கள் ஊர்க் கரும்பு வயலில்தான் கிடந்தது. "விலைய சர்க்கார் சொல்லும், வெட்டுற நாள மில்லு சொல்லும், தண்ணி பாய்ச்சுறது மட்டும் நம்ம இஷ்டம்" என்பீர்கள். ஆலையில் பதிந்த கரும்பை வேறு யாருக்கும் விற்கக் கூடாது, வெட்டு உத்தரவு வராமல் அரிவாள் வைக்கக் கூடாது என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. பென்னலூரில் பிறந்து, கார் சீட் தைக்கிற கம்பெனிக்குப் போய்வந்த எனக்குக் கரும்பு என்றால் பொங்கலுக்கு வாங்குவதுதான்.

நம் கல்யாணத்துக்கு முந்தைய வாரம் எல்லாம் தெரிந்தது. காத்துக் காத்துப் பார்த்தும் வராத உத்தரவு, வல்லக்கோட்டை முருகன் கோயிலில் நமக்கு முகூர்த்தம் குறித்த அதே நாளுக்கு வந்து சேர்ந்தது. அந்த முறையை விட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. கரும்போ பூத்து, காய்ந்து, எடை இறங்கிக்கொண்டிருந்தது. முகூர்த்தத்தைத் தள்ளிவைக்கலாமா என்று என் அப்பாவிடமே போய்க் கேட்டீர்கள்.

"மில்லு சொல்ற தேதியிலதான் கல்யாணம்னா, மில்லையே கட்டிக்கினு போ" என்றார் அப்பா.

முகூர்த்தத்தன்று மாப்பிள்ளை வீட்டார் என்று நீங்களும் உங்கள் அத்தையும் மட்டும் வந்து இறங்கினீர்கள். உங்கள் கையெல்லாம் தோகை கீறிய கோடுகள். வெட்டுக்கு ஆள் வரவில்லை, பெற்றவர்கள் உட்பட எல்லோரும் வயலில் இருக்கிறார்கள் என்றீர்கள். தாலி கட்டிய கையோடு போன் அடித்தது. லாரி வந்து நிற்கிறதாம், பொழுது சாய்வதற்குள் ஏற்றியாக வேண்டுமாம். நம் கல்யாண போட்டோவில் இன்றைக்கும் உங்கள் ஒரு கை என் கையில், இன்னொரு கை காதில்.

அப்பா உங்களைக் கொஞ்ச நேரம் முறைத்தார். பிறகு வேன் டிரைவரைக் கூப்பிட்டார்.

"சோத்து குண்டானெல்லாம் ஏத்து. சம்பந்தி எங்க கீறாரோ அங்கியே போய் சாப்புடலாம்."

என் கம்பெனித் தோழிகள் பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கரும்புக் கட்டு சுமந்தார்கள். அப்பா பட்டு வேட்டியோடு தோகை கழித்தார். எல்லோர் முகத்திலும் அப்பியிருந்த தூசியில், மாலையை வைத்துத்தான் உங்கள் அம்மா என்னை அடையாளம் கண்டார். வாழ்க்கையில் நான் அவ்வளவு சிரித்த நாள் வேறில்லை.

நீங்கள் போய் வருஷம் திரும்பிவிட்டது. கரும்பை விட்டுத்தொலை, சவுக்கு போடு என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நான் ஆலைக்குப் போய்ப் பதிவை என் பேருக்கு மாற்றிக்கொண்டு வந்தேன். போன வாரம் நம் பாப்பாவுக்குக் காது குத்த நாள் பார்க்க அப்பா பஞ்சாங்கத்தோடு வந்தார். இரண்டு பக்கம் புரட்டியவர், என்ன நினைத்தாரோ, மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"மில்லுல வெட்டு ஆர்டர் எப்போன்னு மொதல்ல கேட்டுக்கினு வாம்மா."