கிதாரின் வால்யூம் குமிழ்

ஏனுங்க,

மில் வேன் வந்துவிட்டது. அரிசியும்பருப்பும் ஆக்கி மூடி வைத்திருக்கிறேன்.

இறுகிப்போன கிதார் குமிழை ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள், பாலிஷ் பெயர்ந்துவிடும். பக்கத்திலிருக்கும் சேலைக் கிழிசலைக் குமிழுக்கு அடியில் ஒரு சுற்று நுழைத்து, இரண்டு முனையையும் பிடித்து நேராக மேலே இழுங்கள். மில்லில் இறுகின நூல் பாபினை அப்படித்தான் எடுப்போம். தூசி துடைத்துத் திரும்ப மாட்டும்போது குமிழ் மேல் போட்டிருக்கும் நம்பர் பழையபடியே நிற்கட்டும்.

"நான் வாசிச்சா ஊட்டுல கேக்கறதுக்கு ஆரு இருக்கறா?" என்று அன்று லாரி ஏறும்போது கோபித்துக்கொண்டீர்கள். நீங்கள் வரும்போது எனக்கு ஷிப்டு, நான் வரும்போது உங்களுக்கு லோடு. நான் என்ன பண்ணட்டும்?

சௌந்திரம்

வாசித்து முடித்ததும் குமிழைக் குறைத்து வைக்காதீர்கள். எவ்வளவு சத்தமாக வாசித்தீர்கள் என்று வந்து நம்பரைப் பார்த்தாவது தெரிந்துகொள்கிறேன்.