சர்வேசுரனுடைய மாதாவும் என் சம்பந்தியம்மாவும்

மைனி,

இன்றைக்கு மருமகளோடு கடைக்குக் கிளம்பினேன். காரில் முன் சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை இழுத்தால் குப்பென்று உங்க யூகலிப்டஸ் தைலம். செத்து ஒரு வருஷம் ஆகப்போகுது, இன்னும் முன் சீட்டை எனக்கு விட்டுக்கொடுக்க மனசில்லை உங்களுக்கு.

என் மகனுக்கும் உங்க மகளுக்கும் பிள்ளை பிறந்ததும், பார்த்துக்கொள்ள நம்ம ரெண்டு பேரையும் ஒரே விமானத்தில் அமெரிக்காவுக்கு, இந்த ஃபிரிஸ்கோவுக்கு வரவழைத்தார்கள். நான் தூத்துக்குடிக் கத்தோலிக்கச்சி. நீங்க நாசரேத் பிராட்டஸ்டண்டு. இந்த ஊரில் கோபித்துக்கொண்டு போகவும் யாராவது கார் ஓட்டணும். அதனால் ஒரே சோபாவில் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தோம்.

சாயங்காலம் ஜெபமாலைக்கு வீட்டுச் சமாதானத்துக்காக நீங்களும் உட்காருவீங்க. "சர்வேசுரனுடைய மாதாவே" என்கிற இடம் வந்தால் மட்டும் உங்க வாய் மூடிக்கொள்ளும். நான் படித்தது மூணாங்கிளாஸ்தான், ஆனால் கண்ணு நல்லாத் தெரியும்.

"என்ன மைனி, அந்த இடத்துல மட்டும் வாயில கொழுக்கட்டையா?"

"கடவுளுக்கு ஏது தாயி? அவரு எடுத்த மனுஷப் பிறவிக்குத்தான் மரியாள் தாயி. தொட்டில்ல கெடந்து பால் கக்குன பிள்ளையையா கடவுள்ங்கீய?"

"பெத்த பிள்ளைய ரெண்டாப் பிச்சு, ஒரு பாதிக்கு மட்டும் தாயின்னு சொல்லுவாங்களா? நம்ம பேரன் அமெரிக்காக்காரன், பாஸ்போர்ட்டே சொல்லுது. அப்போ அவனோட தமிழ்ப் பாதிக்கு மட்டும்தான் நீங்க பாட்டியா?"

நீங்க பிள்ளையைத் தூக்கி என் மடியில் போட்டீங்க. "ரெண்டு பாதியும் நனைஞ்சிருக்கு. நீங்களே மாத்துங்க."

இதை நான் மறக்கலை.

தமிழ்ப் பூசைக்கு வந்த சாமியாரிடம் முறையிட்டேன். நெஸ்தோரியார் என்று ஒரு பழைய ஆயர் இதே வழக்கைத்தான் பேசினாராம். ஆயர்களெல்லாம் சங்கம் கூடி, இது பதிதம், வேதத்துக்கு விரோதமான போதனை என்று அவரைப் பதவியிலிருந்து இறக்கி, கடைசியில் நாடுகடத்தியும் விட்டார்களாம். எனக்கு ஒரே சந்தோஷம். வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் உங்களிடம் சொன்னேன்.

நீங்க பயறு உரித்துக்கொண்டே கேட்டீங்க: "அந்தச் சங்கத்துல பூரா ஆம்பளைங்கதானே? பிள்ளை பெத்தவ ஒருத்தியையாவது கூப்பிட்டுக் கேட்டாங்களா?"

நான் வாசலுக்குத் திரும்பிப் போய்ச் செருப்பைக் கழற்றினேன்.

அப்புறம் உங்களுக்கு மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் போட்டார்கள். எனக்கு ஒரே பயம்தான். அந்த ஒரு சொல்லைச் சொல்லாததுக்காக மோட்சத்தில் உங்களை வேறே வாசலுக்கு அனுப்பிவிட்டால், பிறகு நான் வந்து யாரோடு சண்டை போடுவேன்? கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமாலை சொன்னேன். அந்த இடம் வந்ததும் உங்க உதடு அசைந்தது. சத்தம் வரலை.

"சொன்னீங்களா மைனி?"

ஒரு கண்ணை மட்டும் திறந்தீங்க. "என்ன அவசரம்? அங்க வந்து கேட்டுக்கிடுங்க."

மறுநாள் மத்தியானம் போய்விட்டீங்க. எப்படிப்பட்ட ஆளு நீங்க!

இப்போதெல்லாம் ஜெபமாலையில் அந்த இடம் வந்தால் நான் கொஞ்சம் நின்றுவிடுகிறேன். அத்தைக்கு வயசாச்சு, ஜெபம் மறந்துபோச்சு என்று உங்க மகள் மெதுவாக எடுத்துக் கொடுக்கிறாள். மறதியா, எனக்கா? நான் உங்க உதட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.