மூன்றாம் வளைவுக்குக் கீழே கிடந்த போல்ட்

சனிக்கிழமை.

ரோலர் கோஸ்டரில் என்னைவிட அதிகம் ஏறியவன் இந்த ஜில்லாவிலேயே கிடையாது. பார்க்கில் அந்த வண்டிக்குப் புதுச் சக்கரம் மாட்டியதிலிருந்து மூன்றாம் வளைவில் ஒரு சத்தம். இன்று அதற்கு நேர் கீழே ஒரு போல்ட் கிடந்தது. ஆபரேட்டரிடம் காட்டினேன்.

"போன வாரம் உச்சியில இருந்து ராமேஸ்வரம் தெரிஞ்சுதுன்னீக. இத எந்தக் கடையில வாங்குனீக, அண்ணாச்சி?" என்று சிரித்தான்.

எங்கள் பட்டாசுக் கம்பெனியில் ஓர் இரும்பு ஆணி கீழே கிடந்தாலே, உரசிப் பொறி பறக்குமென்று வேலையை நிறுத்திவிடுவோம். இங்கே வண்டி ஓடிக்கொண்டே இருந்தது.

நாளை தங்கச்சி மகள் செல்வி அங்கே போகிறாள். போகாதே என்றேன்.

"ஒங்க கதைய அத்தைட்ட சொல்லுங்க மாமா."

உச்சியிலிருந்து தெரிந்தது ஆனைக்குட்டம் அணை மட்டும்தான். அன்றைக்கே அப்படிச் சொல்லியிருக்கலாம்.

நாளை அவள் வருவதற்குள் முதல் ஓட்டத்திலேயே நான் ஏறிப் பார்த்துவிடுவேன். பயமாக இருக்கிறது.