முரளியின் நாற்பது நொடி

என் அருமைத் தடியா, முரளி,

இன்றைக்கு எனக்கு ஆஃப். கால் நீட்டிப் படுத்துக் கிடக்கலாம் என்றிருந்தேன், நடக்கவில்லை. வெளியே போய்விட்டு இப்போதுதான் வந்தேன். உன்னிடம் ஒன்று சொல்லியாக வேண்டும், பொறுமையாகக் கேள்.

நீ போய் மூன்று வருஷம் ஆகப்போகிறது. நான் இப்போது பஸ் ஓட்டுகிறேன், தெரியுமா? நாம் குடியிருந்த மார்சிலிங் வழியாகத்தான் என் ரூட்டு. நம் அடுக்குமாடி புளோக்கைத் தாண்டும்போது திரும்பிப் பார்ப்பதில்லை. பார்த்து என்ன ஆகப்போகிறது? லிஃப்ட்டில் அதே மூத்திர நாற்றம் இருக்கும். கீழ்த்தளத்தில் நாலு பையன்கள் உட்கார்ந்திருப்பார்கள், அவர்களிடம் ஐசி, அடையாள அட்டை கேட்டுக்கொண்டு ரெண்டு போலீஸ்காரர்கள் நிற்பார்கள். எனக்கு உடம்பெல்லாம் அசதிடா. நாற்பதுகூட ஆகவில்லை, அதற்குள் இடுப்பு கழன்று விழுகிற மாதிரி இருக்கிறது.

போன வாரம் உன் அம்மா போனில் கூப்பிட்டார். நீ போனபிறகு அதுதான் முதல் தடவை. சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை. நேராக விஷயத்துக்கு வந்துவிட்டார்.

“செல்வி, அவன் குரல் உங்கிட்ட இருக்காம்மா?”

உன் போன் விபத்தன்றைக்கே உன் பைக்கோடு சேர்ந்து நசுங்கிவிட்டது. அவர் போனில் இருந்த வாய்ஸ் மெசேஜெல்லாம் புதுப் போன் மாற்றும்போது போய்விட்டதாம். யாருக்குத் தெரியாமல் நாம் ஒளிந்து ஒளிந்து பாடினோமோ, அவரே வந்து கேட்கிறார்.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. உன் அண்ணன் கீழ்த்தளத்துப் பையன்களோடு சேர்ந்து ஜெயிலுக்குப் போனபிறகு, பாட்டு என்றாலே அவருக்கு ஆகாது. அந்தப் பையன்களும் பாடிக்கொண்டுதானே இருந்தார்கள்? ஒரு மகனைக் கம்பிக்கு அந்தப் பக்கம்தான் பார்க்க முடிந்தது. இன்னொருவனையும் விட்டுவிடுவாரா?

அதனால்தான் பக்கத்து வீடான எங்கள் வீட்டு மூலை உனக்கு ஸ்டுடியோ. பெரிய ஸ்டுடியோ! என் ஓட்டை லேப்டாப், காலுறை மாட்டிய மைக், கதவிடுக்கில் திணித்த துண்டு. நான் பீட் போடுவேன், நீ ராப் பாடுவாய். ஃபேரர் பார்க் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவிவிட்டு உன் அம்மா சாயங்காலம் வரும்வரைதான் நம் ராஜாங்கம்.

உன்னிடம் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். உன் குரலையெல்லாம் அழித்தவள் நான்தான். லேப்டாப்பில் எப்போதும் இடம் பற்றாது. பீட்டை வைத்துக்கொண்டு, நீ பாடியதை அழித்துவிடுவேன். பீட்டுக்கு மூன்று நாள் மண்டையை உடைத்திருப்பேன். நீயோ சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறாய், தட்டினால் வந்து பாடிவிட்டுப் போகிறாய். குரலுக்கு என்ன பஞ்சம் என்று நினைத்தேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ரெண்டு நாள் தேடினேன். பீட் கிடைத்தது, கிடைத்தது, கிடைத்துக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரே ஒரு பதிவில் நீ இருந்தாய். நாற்பது நொடி.

“லிஃப்ட்டு நிக்குது அஞ்சாம் மாடி, ஏறி வர்றோம் மூச்சு வாங்கி” என்று ஆரம்பித்து நன்றாகத்தான் போகிறது. நடுவில் தாழ்வாரத்தில் ஒரு சாவிக்கொத்து குலுங்குகிறது. உடனே உன் குரல் சுருங்கிவிடுகிறது. “அக்கா, நிறுத்து நிறுத்து. அம்மா வருது.” அத்தோடு சரி.

அந்தக் கடைசியை வெட்டிவிடலாமா என்று நினைத்தேன். பெற்றவள் ஏங்கிக் கேட்ட குரல் அவளுக்கே பயந்து நடுங்குவதை எப்படிடா கேட்க வைப்பது? வெட்டத் தயாராக உட்காரவும் செய்தேன். அழித்தவரைக்கும் போதாதா என்று தோன்றியது. வெட்டவில்லை.

இன்றைக்கு மத்தியானம் அவர் வேலை செய்யும் கடைக்குப் போனேன். பின்சந்தில் காய்கறிக் கூடையைக் கவிழ்த்துப்போட்டு உட்கார வைத்தார். கையுறையைக் கழற்றி, ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டார். நான் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். “ஆன்ட்டி, கடைசியில உங்களைப் பத்தி ஒண்ணு சொல்றான். தப்பா எடுத்துக்காதீங்க.”

“திட்டுறானா? திட்டட்டும், போடு.”

முதல் தடவை கேட்டபோது லிஃப்ட்டு வரிக்குச் சிரித்தார். சாவிச் சத்தம் வந்ததும் அவர் கை இடுப்புக்குப் போனது. அதே சாவிக்கொத்துதான், இன்னும் அங்கேதான் தொங்குகிறது. மறுபடி போடச் சொன்னார். போட்டேன். நான் அழுதேன், அவர் அழவில்லை.

மூன்றாவது தடவை, சாவிச் சத்தம் வருவதற்கு முன்னாலேயே போன் பக்கம் குனிந்தார்.

“நான் வரலப்பா. நீ பாடு.”

நீ எப்போதும்போல நிறுத்திவிட்டாய்.

அந்தப் பதிவை அவர் போனுக்கு அனுப்பிவிட்டேன். இருந்தாலும் அதைத் தேடி எடுக்க அவருக்குத் தெரியாதாம், “நீயே வந்து போடு” என்று என்னிடம் சொல்கிறார். என் ஒவ்வொரு ஆஃப் நாளும் போவேன் முரளி, இடுப்பு கழன்றாலும் போவேன். அவருக்குப் போதும் என்று தோன்றுகிறவரை போட்டுக் காட்டுவேன். அந்த நாற்பது நொடியில் ஒரு நொடியைக்கூடத் தொட மாட்டேன்.

சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த உன் அக்கா,
செல்வி