கிழக்கு ஜன்னல்

நம் பையனின் அப்பாவுக்கு,

நீங்கள் அனுப்பிய ஆரஞ்சுப் பழங்கள் விமானத்தில் வந்தன. பாதி உறைந்திருந்தன. தின்றேன்.

பக்கத்து வீட்டு ஃப்ளாஸிக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. நேற்று அதைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அக்கா, உங்க மகன் அகியாக் பேரை இவளுக்குக் குடுங்க. பொண்ணுன்னா என்ன? நம்ம வழக்கத்துல பேரு வந்தா போன ஆளே திரும்பி வந்த மாதிரிதானே" என்றாள். கொடுத்தேன். "இனிமே உங்களைத்தான் அம்மாம்பா, அண்ணனை அப்பாம்பா. ராத்திரி அழுதா உங்க வீட்லதான் கொண்டுவந்து போடுவேன், பாத்துக்குங்க" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

பிரூடோ விரிகுடாவில் எண்ணெய் கிடைத்த வருஷம், கிழக்கே அங்கே எண்ணெய்க் கிணற்றில் எரிந்த தீயை மீன்பிடி முகாமிலிருந்து அவனுக்குக் காட்டினீர்கள். உங்கள் தோளில் உட்கார்ந்திருந்தான். "பாருடா, அப்பா இனிமே அங்கதான் வேலை செய்யப் போறேன். என்னைத் தேடுச்சுன்னா அந்த வெளிச்சத்தைப் பாத்து வந்துடு" என்றீர்கள். அவன் கை தட்டினான்.

அவன் வளர்ந்து தனியாகப் பனிவண்டியில் போன அன்று பனிப்புயல் வந்தது. அது ஓய்ந்ததும் அவனைத் தேடிப் போனவர்கள், வண்டியின் தடம் எங்கும் வளையாமல் கிழக்கே நேராகப் போயிருந்தது என்றார்கள். ஊர் விளக்கு என்று நினைத்துவிட்டான் போல என்றார்கள். ஆமாம் என்றேன்.

அவன் அடக்கத்துக்குப் பிறகு உங்களுக்கு லீவு கிடைக்கவில்லை. சரி.

இன்று குழந்தை என் மடியில் கிடந்தது. பால் குடித்த பிறகும் தூங்கவில்லை. தலையைத் திருப்பித் திருப்பிக் கிழக்கு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தது. வானம் அங்கே எப்போதும்போல் சிவந்திருந்தது.

எழுந்து போய், உங்கள் கம்பளியை ஜன்னலின் மேல் வைத்து ஆணி அடித்துவிட்டேன்.

இப்படிக்கு,
வீட்டில் இருப்பவள்